நீரைத் துறந்த கனிமங்கள்

தமிழ்நாட்டில் கருங்கல்லை மிதிக்காமலோ தொடாமலோ ஒரு நாளைக் கழிப்பது அரிது. கோயிலின் அதிஷ்டானமும், வீட்டின் வாசற்படியும், பாட்டி காலத்து அம்மியும், தண்டவாளத்தின் கீழே கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் அதுவேயாக இருப்பதால், அதைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம்கூட நம்மில் பெரும்பாலோருக்கு உண்டாவதில்லை. பூகர்ப்ப சாஸ்திரத்தைத் தொழிலாகக் கொண்டு, வாழ்நாளில் ஒரு பாதியைச் சுத்தியலும் கைலென்ஸுமாகக் குன்றுகளிலும், மற்றொரு பாதியை நுண்ணோக்கியின் முன்னிலும் கழித்த எனக்கு, அந்தக் கருங்கல்லின் உள்ளே குடியிருக்கும் கனிமக் குடும்பங்களுள் ஒன்றின்மீது மட்டும் தனிப்பட்டதொரு பற்று உண்டாயிற்று. பைராக்சீன் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். ஸ்படிகத்தைப் போல அது கண்ணைக் கவருவதில்லை. அதன் பெரும்பாலான வகைகளுக்குச் சந்தையில் விலையும் இல்லை. ஆயினும் ஒரு பாறை எத்தனை ஆழத்தில், எத்தகைய உஷ்ணத்தில், எவ்வளவு நீர் கலந்த சூழ்நிலையில் உருவாயிற்று என்று கேட்போமானால், அதற்குச் சாட்சி சொல்லத் தகுந்த கனிமம் இதைப் போல வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இக்குடும்பத்தின் லட்சணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பூமியின் மேலோட்டில் உள்ள பாறைகளில் மிகப் பெரும்பாலானவை சிலிக்கேட்டுகளால் ஆனவை. சிலிக்கேட்டுகளுக்கெல்லாம் அடிப்படை, நடுவே ஒரு சிலிக்கன் அணுவும் அதைச் சூழ்ந்து நான்கு மூலைகளில் நான்கு ஆக்ஸிஜன் அணுக்களுமாக அமைந்த நான்முகி என்னும் சிறு கட்டுமானமே. அந்த நான்முகிகள் தனித்து நின்றால் ஒரு கனிமம். ஏடு ஏடாகப் பரவினால் அப்பிரகம். எல்லாத் திசைகளிலும் பின்னிக் கொண்டால் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். பைராக்சீனிலோ, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இருபக்கத்தாரின் கையையும் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல, ஒவ்வொரு நான்முகியும் தன் இரண்டு ஆக்ஸிஜன்களை அண்டையிலுள்ள இரண்டுடனும் பகிர்ந்துகொண்டு, முடிவற்ற ஒற்றைச் சங்கிலியாக நீள்கிறது. இதை முதன்முதல் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு நிலைநாட்டியவர்கள் வாரனும் லாரன்ஸ் பிராக்கும். 1928இல் டயாப்சைட் என்னும் பைராக்சீனை ஆராய்ந்தபோது இந்த அமைப்பு தெளிவாயிற்று. சங்கிலிகளுக்கு இடையே உள்ள இடங்களில் மக்னீசியம், இரும்பு, கால்சியம், சோடியம், அலுமினியம், லித்தியம் முதலியவை வந்து அமர்கின்றன. எது எங்கே அமர்ந்தது என்பதைப் பொறுத்தே குடும்பத்தின் உட்பிரிவுகள் ஏற்படுகின்றன. மக்னீசியமும் இரும்பும் மட்டுமே நிறைந்தால் என்ஸ்டடைட், ஹைப்பர்ஸ்தீன் என்னும் கிளை. கால்சியம் கணிசமாகப் புகுந்தால் டயாப்சைட், ஆகைட் என்னும் கிளை. சோடியம் வந்தால் ஜேடைட்டும் ஈஜிரினும். லித்தியம் வந்தால் ஸ்போடுமீன்.

சங்கிலிக்குள்ளே பிணைப்பு வலுவானது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே உள்ள பிணைப்பு அவ்வளவு வலுவானதன்று. ஆகையால் சுத்தியல் அடி விழும்போது பைராக்சீன் படிகம் சங்கிலிகளை அறுக்காமல் அவற்றின் இடையே, இரண்டு திசைகளில், ஏறக்குறைய செங்கோணமாகப் பிளக்கிறது. 87 பாகையும் 93 பாகையும் என்று அந்தக் கோணங்களை நாங்கள் மனப்பாடம் செய்தோம். இதன் நெருங்கிய உறவான ஆம்பிபோல் குடும்பத்தில் சங்கிலிகள் இரட்டையாக இணைந்திருப்பதால் பிளவின் கோணம் 56 பாகையாகவும் 124 பாகையாகவும் சாய்ந்துவிடுகிறது. மலைச்சரிவில் நின்று, உடைத்த கல்லைச் சூரியனை நோக்கிப் பிடித்து, மெல்லத் திருப்பி, கருத்த மணியின் ஒரு முகம் மின்னியதும் அங்கிருந்து எவ்வளவு திருப்பினால் அடுத்த முகம் மின்னுகிறது என்று மணிக்கட்டினாலேயே அளந்து, இது பைராக்சீன், இது ஹார்ன்பிளெண்ட் என்னும் ஆம்பிபோல் என்று பிரித்தறிவது எங்கள் தொழிலின் பாலபாடம்.

அந்தக் கோணத்தைவிடப் பெரிய வேற்றுமை ஒன்று இவ்விரண்டு குடும்பங்களுக்கும் உண்டு. ஆம்பிபோலின் இரட்டைச் சங்கிலி நடுவே வளையம் போன்ற வெற்றிடங்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஹைட்ராக்ஸில் குடிகொள்கிறது. அதாவது எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு நீர் அந்தக் கனிமத்தின் உடம்பிலேயே கட்டுண்டு கிடக்கிறது. பைராக்சீனின் அமைப்பிலோ நீருக்கென்று ஓர் இடம் இல்லை. ஆகவே, ஒரே விதமான இரசாயனப் பொருள்கள் கொண்ட பாறையில் ஹார்ன்பிளெண்டும் கரும் அப்பிரகமும் நிறைந்திருந்தால் நீர் இருந்த சூழ்நிலையில் அது உருவாயிற்று என்றும், அவற்றின் இடத்தில் பைராக்சீன் வந்திருந்தால் உஷ்ணம் நீரை விரட்டிவிட்டது அல்லது வேறேதோ அதை விலக்கிவிட்டது என்றும் கொள்ளலாம். என் தொழில் முழுவதும் இந்த ஒரு வேற்றுமையின்மேல் நடந்தது என்றால் மிகையாகாது.

கண்ணால் காண்பது ஓரளவுக்குத்தான். மற்றவற்றுக்கு ஸ்லைடு வேண்டும். கல்லை ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்பதை இங்கிலாந்தில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி நிலைநாட்டி, 1858இல் அதைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் பட்டகத்தை வில்லியம் நிக்கல் 1828லேயே செய்திருந்தார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகே பாறைகளைப் பற்றிய சாஸ்திரம் ஊகத்திலிருந்து பிரத்தியட்சத்துக்கு வந்தது. எனக்கு ஸ்லைடு செய்யக் கற்பித்தவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர். ஆய்வுக்கூடத்தில் கல் அறுக்கும் வேலையில் தலைநரைத்த ஒரு பெரியவர். வைரத்தூள் பதித்த வட்ட வாளில் கல்லைச் சிறு பலகையாக அறுத்து, ஒரு முகத்தைக் கார்போரண்டம் பொடியில் தேய்த்து மழமழப்பாக்கி, கனடா பால்சம் என்னும் பிசினால் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுமுகத்தைத் தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருவது என்று சொல்லிவிடுவது எளிது. பிசினைக் காய்ச்சுவதிலேயே பாதி வித்தை இருந்தது. குறையக் காய்ந்தால் கல் நழுவும். மிகையாகக் காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துப் பாதித் தேய்ப்பில் உதிர்ந்துவிடும். அவர் ஒரு துளியை ஆறவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, நகம் பதியாமலும் பிசின் நொறுங்காமலும் இருக்கும் அந்தக் கணத்தை அறிந்து அடுப்பிலிருந்து இறக்குவார். “தம்பி, பெரும்பொடி ஒரு மணி ஒட்டிக்கொண்டு வந்தாலும் சிறுபொடியில் செய்த வேலை அத்தனையும் பாழ், கையை மட்டும் கழுவினால் போதாது, நகக்கண்ணையும் கழுவு” என்று ஒவ்வொரு பொடியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போதும் சொல்லுவார். தடிமனை அளக்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. குறுக்கிட்ட இரண்டு நிக்கல் பட்டகங்களுக்கிடையே குவார்ட்ஸ் மணி மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாம்பல் கலந்த வெண்மைக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அந்த நிறமே அவருடைய அளவுகோல். இன்றைக்கு எப்பாக்ஸிப் பசையும் தானே தேய்க்கும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் கடைசி நுண்மையைக் கையால் முடிப்பவர்களின் ஸ்லைடில் உள்ள தெளிவு வேறு என்பதை நான் உறுதியாகச் சொல்லுவேன்.

அப்படிச் செய்த ஸ்லைடில் ஹைப்பர்ஸ்தீனைக் காண்பது ஓர் இன்பம். ஒரு நிக்கலை மட்டும் வைத்துக்கொண்டு மேடையைச் சுழற்றினால், இளஞ்சிவப்பாக இருந்த மணி சிறிது சிறிதாக மங்கி, கால் சுற்று முடிவதற்குள் வெளிர்பச்சையாகிவிடுகிறது. மேலும் சுழற்ற மீண்டும் சிவக்கிறது. இரண்டாவது நிக்கலையும் குறுக்கே தள்ளினால் சாம்பலும் இளமஞ்சளுமான அடக்கமான நிறங்களே தோன்றும்; பிளவின் கோடு கண்ணாடியின் குறுக்கு நூலோடு நேராக வந்ததும் மணி அணைந்து இருண்டுவிடும். அருகில் உள்ள ஆகைட்டோ டயாப்சைட்டோ அவ்வாறு நேராக அணைவதில்லை. 40 பாகை அளவுக்குச் சாய்ந்தே அணையும். நிறங்களும் நீலம், ஊதா என்று உரத்து ஒலிக்கும். கூர்ந்து நோக்கினால் ஒன்றன் உடம்புக்குள் மற்றொன்று மெல்லிய தகடுகளாகப் பரவியிருப்பதும் தென்படும். உஷ்ணம் மிகுந்திருந்த காலத்தில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஏகமாயிருந்த பொருள்கள், பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஆறியபோது ஒவ்வாமையால் பிரிந்த அடையாளம் அது. அருகருகே இருக்கும் இரண்டு பைராக்சீன்களும் தங்களுக்குள் கால்சியத்தை எவ்விதம் பங்கிட்டுக்கொண்டன என்பதை எலெக்ட்ரான் கற்றையால் அளந்து, அவை சமநிலையில் இருந்தபோது நிலவிய உஷ்ணத்தைக் கணக்கிடும் முறை பின்னால் வந்தது. அதற்கும் ஸ்லைடே ஆதாரம்.

இந்தக் கனிமத்தை உலகப் புத்தகங்களில் தமிழ்நாட்டோடு பிணைத்தவர் தாமஸ் ஹாலந்து. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1890இல் சேர்ந்து, பின்னர் அதன் தலைவராகவும் உயர்ந்த அவர், பல்லாவரத்துக் குன்றுகளிலும் பரங்கிமலையிலும் உள்ள பாறையை ஆராய்ந்தார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் இவற்றோடு ஹைப்பர்ஸ்தீனும் சேர்ந்த அந்தப் பாறைக்கு 1893இல் அவர் சார்னோகைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து கடல் வழியாகக் கொண்டுபோகப்பட்ட இதே கல்லாக இருந்தமையே அப்பெயருக்குக் காரணம். 1900இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், இந்த வகைப் பாறைகள் சிலிக்கா மிகுந்தவை முதல் பைராக்சீனே நிரம்பியவை வரை ஒரு வரிசையாக அமைந்திருப்பதை விவரித்தது. அண்டார்க்டிகாவிலும் நார்வேயிலும் ஆப்பிரிக்காவிலும் இதே இனப் பாறைகளைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் பல்லாவரத்தின் கல்லோடு ஒப்பிட்டே பேசினார்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சார்னோகைட் ஒரு பரீட்சைதான். மற்றப் பாறைகளில் வெளிறியிருக்கும் ஃபெல்ஸ்பார் இதில் எண்ணெய் பூசினாற்போலப் பச்சை கலந்த கருமையாகவும், குவார்ட்ஸ் நீலம் கலந்த சாம்பலாகவும் இருப்பதால், கருமைக்குள் கருமையாக ஒளிந்திருக்கும் ஹைப்பர்ஸ்தீனைக் கைலென்ஸில் பிடிப்பது கடினம். வெயிலும் மழையும் தின்ற வெளித்தோலைப் பார்த்தாலோ, வெளுத்துப் பழுப்பேறி, வேறேதோ பாறை என்றே தோன்றும். உள்ளே பச்சைக் கல் தெரியும்வரை உடைத்தாக வேண்டும். பிறகு வெளித்தோலுக்கும் உட்கல்லுக்கும் இடைப்பட்ட விளிம்பைப் பார்க்க வேண்டும். ஃபெல்ஸ்பார் வெளுத்து, பைராக்சீன் மட்டும் துருவேறிய புள்ளியாக நிற்கும் அந்த மெல்லிய பட்டையில்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நான் மிக விரும்பிச் சென்ற வழி கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலத்துக்கு இறங்கும் வழி. வடக்கே மைசூர்ப் பீடபூமியை ஒட்டிய பிரதேசத்தில் பாறைகள் ஹார்ன்பிளெண்டும் கரும் அப்பிரகமும் கொண்ட, நைஸ் என்னும் வரியோடிய வெளிர்நிறப் பாறைகள். தெற்கே வர வர அவற்றினிடையே பச்சைத் திட்டுகள் தலைகாட்டுகின்றன. மேலும் தெற்கே பச்சையே மேலோங்கிச் சேர்வராயன் மலை முழுவதும் சார்னோகைட்டாக எழுந்து நிற்கிறது. தீபகற்பத்தில் சார்னோகைட் உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் பிரிக்கும் எல்லையை 1936இலேயே லூயிஸ் லீ ஃபெர்மர் வரைந்து காட்டியிருந்தார். படத்தில் கோடாக இருப்பது நிலத்தில் பல மைல் அகலமுள்ள ஒரு மாற்றமாக விரிகிறது. தருமபுரிப் பக்கத்தில் ஒரு குவாரி மேஸ்திரி, என் வேலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “சார், இந்தப் பக்கத்துக் கல்லு சொன்ன பேச்சைக் கேட்டு நேராப் பிளக்கும், அந்தப் பச்சைக் கல்லு கேக்காது, உளியையும் தின்னுடும்” என்றார். நைஸில் அப்பிரகம் படிந்த அடுக்கு உண்டு. சார்னோகைட்டில் அந்த அடுக்குப் பெரும்பாலும் அழிந்து, மணிகள் எல்லாத் திசையிலும் கோத்துக்கொண்டிருக்கின்றன. நான் ஸ்லைடில் கண்டதை அவர் உளியின் முனையில் கண்டிருந்தார்.

இந்த மாற்றத்தை நேருக்கு நேர் காண வேண்டுமானால் கர்நாடகத்தில் கனகபுராவை அடுத்த கப்பால்துர்காவுக்குப் போக வேண்டும். அங்கே குவாரி முகத்தில் சாம்பல் நிற நைஸின் நடுவே கை அகலத்திலும் முழ அகலத்திலும் சார்னோகைட் திட்டுகள் இருக்கின்றன. நைஸின் வரிகள் நேராக ஓடிவந்து திட்டுக்குள் நுழைந்ததும் மங்கிக் கலைந்துவிடுகின்றன. சி. எஸ். பிச்சமுத்து 1960இல் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். பழைய பாறை புதிய பாறையாக மாறிக்கொண்டிருக்கையில் பாதியில் நின்றுவிட்டது என்பது அவர் கண்ட உண்மை. நீரைக் கொண்ட அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும் குவார்ட்ஸோடு வினைபுரிந்து, நீரை இழந்து, ஹைப்பர்ஸ்தீனாகவும் ஃபெல்ஸ்பாராகவும் ஆகின்றன. நீரை விரட்டியது எது? 1980இல் நியூட்டன், ஸ்மித், விண்ட்லி என்னும் மூவர், ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயு பாறைக்குள் பரவி நீரை விலக்கியது என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஸ்லைடில் குவார்ட்ஸ் மணிகளுக்குள் சிறைப்பட்ட நுண்குமிழிகளில் அந்த வாயு இருப்பதைக் காணும்போது அக்கருத்தில் நம்பிக்கை பிறக்கிறது. பாறை ஓரளவு உருகியபோது உருகிய குழம்பே நீரை உறிஞ்சிக்கொண்டு போயிற்று என்று வாதிப்பவர்களிடமும் வலுவான ஆதாரம் உண்டு. கப்பால்துர்காவுக்கு வாயுவின் விளக்கமும், பெரிய மலைத்தொடர்களுக்கு உருகுதலின் விளக்கமும் பொருந்தும் என்பதே நான் வந்தடைந்த முடிவு. எப்படியாயினும் இம்மாற்றம் நடந்தது இன்றைய நிலமட்டத்தில் அன்று. 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 பாகை உஷ்ணத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். மேலே இருந்த அத்தனை பாறையும் தேய்ந்து போன பிறகே நீலகிரியும் சேர்வராயனும் நம் காலடிக்கு வந்தன. ஏற்காட்டுப் பாதையோரத்தில் சாதாரணமாகக் கிடக்கும் கல், பல தேசங்களில் எவரும் எட்ட முடியாத ஆழத்தில் இருக்கும் கீழோட்டின் துண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்த்ததுண்டு.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். தக்காணத்தின் எரிமலைப் பாறையில் ஆகைட்டும் பிஜியனைட்டும் உண்டு. விரைவில் ஆறியதால் அவை பொடிமணிகள். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து கப்பலேறும் கறுப்புக் கிரானைட் உண்மையில் கிரானைட்டே அன்று. ஃபெல்ஸ்பாரும் பைராக்சீனும் பின்னிய டாலரைட். மியான்மரின் கச்சின் மலைகளில் வெட்டியெடுக்கப்படும் பச்சை ஜேடைட் சீனர்கள் உயிராக மதிக்கும் இரத்தினம். ஸ்போடுமீன் இன்று மின்கலங்களுக்கு வேண்டிய லித்தியத்தைத் தருகிறது. பெயர்களைப் பொறுத்தவரை, 1988இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் 20 பெயர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, புழக்கத்திலிருந்த 105 பெயர்களைத் தள்ளியது. ஹைப்பர்ஸ்தீனும் தள்ளப்பட்டவற்றுள் ஒன்று. அதை மக்னீசியத்தின் மிகுதியைப் பார்த்து என்ஸ்டடைட் என்றோ இரும்பின் மிகுதியைப் பார்த்து ஃபெர்ரோசிலைட் என்றோ அழைக்க வேண்டும் என்பது விதி. விதி நியாயமானதே. ஆனாலும் மலையில் நிற்கும்போது என் வாயில் வருவது பழைய பெயர்தான். இக்கட்டுரையிலும் அதையே வைத்திருக்கிறேன்.

நீரின்மையைப் பற்றிப் பேசும்போது பூமியோடு நின்றுவிடக் கூடாது. 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி பீகாரில் ஷெர்காட்டி என்னும் ஊரருகே விழுந்த விண்கல், பெரும்பாலும் பிஜியனைட்டும் ஆகைட்டுமாகிய பைராக்சீன்களால் ஆனது. அது செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தது என்பது நூறாண்டுக்குப் பிறகு தெளிவாயிற்று. அதே வகையைச் சேர்ந்த செவ்வாய்க் கற்கள் இன்று அந்த ஊரின் பெயராலேயே வழங்குகின்றன. 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த சந்திரக் கற்களிலும் பைராக்சீன் ஏராளம். முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதுள்ள அந்தக் கற்களின் ஸ்லைடுப் படங்களை முதன்முதல் பார்த்தபோது நான் வியந்தது அவற்றின் புதுமையைக் கண்டுதான். நம் பாறைகளில் பைராக்சீனின் விளிம்பை நீர் எங்கேனும் தொட்டு, பச்சை நாராகவோ துருவாகவோ மாற்றியிருக்கும். அங்கே அப்படி ஒரு கறையும் இல்லை.

இத்தொழிலில் இருப்பவனிடம் கிராமத்து மக்கள் கேட்பது பைராக்சீனைப் பற்றி அன்று, கிணற்றைப் பற்றி. சார்னோகைட் பூமியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று. கனிமத்தின் உடம்பில் நீரில்லாமை வேறு, நிலத்தில் நீரில்லாமை வேறு. ஆனால் நீரை இழந்து மணிகள் இறுகக் கோத்துக்கொண்டதால் இந்தப் பாறைக்குள் துளையோ அடுக்கோ இல்லை. மேலே மக்கிய மண்டலத்திலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்க முடியும். திண்டுக்கல் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் போர்வெல் இறக்கும்போது, லாரியின் பக்கத்தில் நிலத்துக்குடையவர் கவலையோடு நின்றார். முதலில் சிவப்பும் பழுப்புமாக வந்த தூள், பிறகு பச்சை கலந்த சாம்பலாயிற்று. ஒரு பிடியைச் சல்லடையில் கழுவி, கைலென்ஸில் பார்த்தேன். கோணல் மாணலாக உடைந்த புதிய ஹைப்பர்ஸ்தீன், துருவின் நிழல்கூட இல்லை.

“ஐயா, இன்னும் நூறு அடி இறக்கிப் பாக்கட்டுமா?” என்று கேட்டார்.

“துரு படிந்த துணுக்கு வந்தால் வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் அந்த வழியாக ஓடியிருக்கிறது என்று பொருள். இப்போது வருவது முழுக்கல். இதற்குமேல் பணத்தைக் கொட்டாதீர்கள்; வடக்கே அந்தக் கறுப்புக் கல் சுவர் போல ஓடுகிறதே, அதன் மேற்புறத்து மேட்டோரமாக அடுத்த இடத்தைப் பார்ப்போம்” என்றேன்.

அவர் லாரிக்காரரை நிறுத்தச் சொன்னார். அந்தக் கறுப்புச் சுவர் டாலரைட் டைக். நிலத்தடியில் ஓடிவரும் நீரைக் குறுக்கே நின்று தடுப்பது அதற்கு இயல்பு. அன்று மாலை அதன் ஓரமாக நடந்து, வெடிப்புகளின் திசையைக் காம்பஸில் அளந்து, இரண்டு இடங்களில் சுண்ணாம்பால் குறி இட்டோம்.